யாரும் கேட்காத படம்: வாசகர் கேள்வி–பதில்

ஃபேஷன் துறையில் கேமரா பிடிப்பவர்கள் தங்களுக்காக எடுக்கும் படங்களைப் பற்றிய கேள்விகள் மட்டும் இந்த முறை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: விளம்பர ஷூட் முடிந்ததும் அதே மாடல், அதே உடை, அதே லைட்டில் எனக்காகக் கொஞ்சம் படம் எடுத்துக்கொள்கிறேன். இதைச் சொந்தப் படைப்பு என்று கண்காட்சிக்கு அனுப்பலாமா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "படப்பிடிப்பு நாளில் எடுக்கப்படும் அனைத்துப் படங்களும்" என்று ஒரு வரி இருந்தால், உங்களுக்காக எடுத்ததும் அதற்குள் அடங்கிவிடும். மாடல் கையெழுத்திட்ட சம்மதப் படிவமும் பெரும்பாலும் அந்த விளம்பரத்துக்கு மட்டும்தான் செல்லும். கண்காட்சி, புத்தகம், பிரிண்ட் விற்பனை மூன்றுக்கும் தனியாக வாங்க வேண்டும். உடை இரவலாக வந்திருந்தால் அதை அனுப்பியவர்களின் நிபந்தனை வேறு. காப்புரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதனால் ஷூட்டுக்கு முன்பே, வேலை முடிந்தபின் எடுப்பவை புகைப்படக்காரருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், அந்தப் படங்கள் விளம்பரத்தின் மிச்சமாகவே தெரியும். காரணம் லைட். துணியின் நெசவும் தையலும் நிறமும் தெரிய வேண்டும் என்று வைத்த லைட் அது. கேமராவின் உயரம், லென்ஸ், மேக்கப், மாடல் நிற்கும் விதம் எல்லாமே அந்த ஒரு நோக்கத்துக்காக முடிவானவை. நீங்கள் மாற்றியது முகபாவத்தை மட்டும்தான். அமெரிக்க ஃபேஷன் புகைப்படக்காரர் இர்விங் பென் 1948-இல் வோக் பத்திரிகை வேலையாகப் பெரு நாட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் கூஸ்கோ நகரில் தங்கி, உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் பகல்வெளிச்ச ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து, அங்கே வந்த மக்களைப் படம் எடுத்தார். பயணம் பத்திரிகையின் செலவு. இடம், வெளிச்சம், எதிரே நின்ற ஆட்கள் மூன்றும் அவர் தேர்வு. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்டுடியோ லைட்டை அணைத்துவிட்டு மாடலை ஜன்னலுக்காவது கூட்டிப்போங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு தொடர் செய்ய ஆசை. ஸ்டுடியோவில் எல்லாக் கருவியும் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பதில்: எல்லாக் கருவியும் இருப்பதுதான் சிக்கல். ஒரே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு, தொடர் முடியும்வரை அதை மாற்றாமல் இருங்கள். மறுபடியும் பென்தான் நல்ல உதாரணம். 1948-இல் அவர் ஸ்டுடியோவில் இரண்டு தட்டிகளைக் குறுகலான கோணத்தில் சேர்த்து, பெயர்பெற்ற மனிதர்களை அந்த மூலைக்குள் நிறுத்தினார். சிலர் இரண்டு பக்கமும் கையூன்றி நின்றார்கள், சிலர் ஒடுங்கிக்கொண்டார்கள். போஸ் சொல்லித்தரும் வேலையை மூலையே பார்த்துக்கொண்டது.

செய்து பார்க்க விரும்பினால்: 8 அடி உயரம், 4 அடி அகலத்தில் இரண்டு பிளைவுட் பலகைகள். பளபளப்பில்லாத சாம்பல் நிறப் பெயிண்ட். ஓரத்தில் கீல் போட்டு இணைத்து, விழாமல் இருக்கப் பின்னால் மணல் மூட்டை வையுங்கள். கோணம் 60 டிகிரி என்றால் திறப்பு 4 அடி இருக்கும். கோணத்தை மிகவும் குறைத்தால் தோள் உள்ளே நுழையாது, ஆள் மூலைக்கு வெளியேதான் நிற்பார். 90 டிகிரிக்கு வந்துவிட்டால் அது வெறும் அறை மூலை. அந்த நெருக்கடி போய்விடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவை நிமிர்த்திவைத்து, 50 மி.மீ. லென்ஸில் மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டர் உயரம் ஃப்ரேமில் அடங்கும். பலகை முழுசாக வந்துவிடும். இடம் போதவில்லை என்று 24 மி.மீ. லென்ஸைப் போட்டுக் கிட்டே போனால் தலையும் காலும் இழுபட்டு, மூலை கோணலாகத் தெரியும்.

லைட் ஒன்றே போதும், கேமராவுக்கு நேர் மேலே. பக்கவாட்டில் வைத்தால் ஒரு பலகையின் நிழல் அடுத்ததன்மேல் விழுந்து பாதிப் படம் கறுத்துவிடும். அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8. பலகையின் பரப்பும் கூர்மையாகத் தெரிந்தால்தான் அது சுவராக இருக்கும். மங்கினால் வெறும் பின்னணித் துணி மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: சொந்தப் படங்களில் மாடலின் தோலை ரீடச் செய்யலாமா, அதாவது திருத்தி மெருகேற்றலாமா?

பதில்: சென்சார் தூசியை எடுங்கள், தோலைத் தொடாதீர்கள். வேலைப் பழக்கத்தில் கை தானாகவே அங்கே போகும். 60 செ.மீ. பிரிண்டில் மூக்கின் பக்கத்தில் தோலின் நுண்துளைகள் இல்லாமல் நெற்றியில் மட்டும் இருந்தால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ தப்பு என்று தெரியும்.

கேள்வி: பாவ்லோ ரோவெர்சி இருட்டில் டார்ச் வெளிச்சத்தால் படம் எடுப்பார் என்கிறார்கள். டிஜிட்டல் கேமராவில் அதைச் செய்தால் எனக்கு முகம் எல்லாம் தேய்ந்து, புள்ளி புள்ளியாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: ஃபேஷன் புகைப்படக்காரரான ரோவெர்சி 1980 முதல் 8×10 அங்குல போலராய்டு ஃபிலிமில் வேலை செய்தவர். நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டர் நெடுநேரம் திறந்திருப்பது), கையில் டார்ச், அசையாமல் நிற்கும் மாடல். அந்த மென்மைக்கு ஃபிலிமும் ஒரு காரணம்தான். ஆனால் வெளிச்சத்தைப் பொறுத்தவரை டிஜிட்டலிலும் கிட்டே போகலாம்.

முதலில் இருட்டைச் சோதியுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 11, 10 விநாடி வைத்து, டார்ச்சைப் போடாமல் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். கதவிடுக்கு, லேப்டாப் திரை, சார்ஜரின் சின்ன விளக்கு எல்லாம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும், ஒவ்வொன்றாக மூடுங்கள். அதன்பின் அறை விளக்கைப் போட்டு, கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணையுங்கள். இல்லையென்றால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரும் வேண்டாம். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு வசதி இயங்கினால், எடுத்த நேரத்துக்குச் சமமான நேரம் காத்திருக்க வைக்கும். 10 விநாடிப் படத்துக்கு இன்னொரு 10 விநாடி. மாடலின் நிலை அதற்குள் கலைந்துவிடும். அணைத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் புள்ளி வரிசை, டார்ச்சின் பல்பு லென்ஸுக்கு நேராகத் தெரிந்ததால் வருவது. பிரகாசத்தைக் குறைத்துவைத்த எல்இடி டார்ச் பலவற்றில் விளக்கு மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கை அசையும்போது கேமராவுக்குத் தெரியும். கறுப்புக் காகிதத்தை ஒரு ஜாண் நீளத்துக்குக் குழலாகச் சுருட்டி டார்ச்சின் வாயில் மாட்டுங்கள். குழலின் வாய் ஒருபோதும் லென்ஸ் பக்கம் திரும்பக் கூடாது. நீங்களும் கறுப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையோடு ஃப்ரேமுக்குள் நடந்தால் பேய் மாதிரி ஒரு கறை விழும்.

முகம் தேய்வதற்கு மாடல் அசைவது பாதிக் காரணம், நீங்கள் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் நேரம் மீதிக் காரணம். பின்தலையைச் சுவரிலோ உயரமான நாற்காலி முதுகிலோ சாய்க்கச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டபின் நிறுத்தினால் உடல் குறைவாக ஆடும். ஷட்டர் திறந்ததும் முதல் இரண்டு விநாடிக்குள் முகத்தை முடித்துவிடுங்கள், அதுவும் ஒரே இடத்திலிருந்து. டார்ச்சை முகத்துக்கு முன் அலைபாய விட்டால் கருவிழியில் ஒரு மின்னலுக்குப் பதில் கோடு விழும். முகம் முடிந்த பிறகு உடை, கை, பின்னணி என்று நிதானமாகத் தடவிக்கொண்டு போகலாம். அங்கே டார்ச் எங்கும் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் வட்டமாக வெளுத்துவிடும். தூரத்தையும் கவனியுங்கள். ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் கூடும் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). கையில் நிதானம் வரும்வரை டார்ச்சுக்கும் தோலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளியை மாற்ற வேண்டாம்.

மலிவான வெள்ளை எல்இடியில் தோல் பச்சையடிக்கும். அதே டார்ச்சில் சாம்பல் அட்டையை ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்துக்கு ஏற்ற கேமரா அமைப்பு) பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் தொடரில் ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும்.

கேள்வி: துணி பறக்கும் தடம் தெரிய வேண்டும், முகம் கூர்மையாக இருக்க வேண்டும். எப்படி?

பதில்: தொடர்ந்து எரியும் விளக்கையும் ஃப்ளாஷையும் ஒரே எக்ஸ்போஷரில் சேர்க்க வேண்டும். ஷட்டர் கால் விநாடி முதல் அரை விநாடி. எரியும் விளக்கின் அளவு ஃப்ளாஷைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைவாக இருக்கட்டும். ஃப்ளாஷ் ரியர் சிங்கில், அதாவது ஷட்டர் மூடும் முன் அடிக்க வேண்டும். தொடக்கத்தில் அடித்தால் தடம் ஆளுக்கு முன்னால் நீண்டு, அவர் பின்னோக்கிப் போகிற மாதிரி தோன்றும்.

பலர் சறுக்குவது பின்னணியில். வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் துணி அசைந்தால் தடம் சரியாகப் பதியாது. துணி நகர்ந்த இடத்தில் பின்னணியின் வெள்ளை வந்து அதைத் தின்றுவிடும். கறுப்பு அல்லது அடர்ந்த பின்னணி, வெளிர்நிறத் துணி, இதுதான் பொருத்தம். எரியும் விளக்கு மஞ்சள் பல்பாக இருந்தால் தடம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் வரும். சில தொடர்களுக்கு அது அழகு. வேண்டாம் என்றால் ஃப்ளாஷின் மேல் அதே நிற ஜெல் தாளைப் போட்டு, ஒயிட் பேலன்ஸை அந்த நிறத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பின்னணி நான் கேட்டலாக் வேலையில் தினமும் பயன்படுத்துவதுதான். ரிச்சர்ட் அவெடன் அதையே கலையாக்கினார் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: காகிதம் ஒன்றுதான், வெளிச்சம் வேறு. அமெரிக்க ஃபேஷன் புகைப்படக்காரரான அவெடன் 1979 முதல் 1984 வரை, ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தின் அழைப்பில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகள், மாட்டுப் பண்ணைக்காரர்கள், வேலையில்லாமல் திரிந்தவர்கள் என்று 752 பேரைப் படம் எடுத்தார். 8×10 அங்குல கேமரா. வெளியில், நிழலில் தொங்கவிட்ட வெள்ளைக் காகிதம். ஃப்ளாஷ் இல்லை. 1985-இல் அந்தப் படங்கள் காட்சிக்கு வந்தன.

கேட்டலாக்கில் பின்னணிக்குத் தனி லைட் வைத்து அதை முழுசாக வெளுக்க வைக்கிறோம். ஆள் வெட்டி ஒட்டிய மாதிரி நிற்பார், அங்கே அதுதான் தேவை. அவெடன் முறையில் ஆளின் மேலும் காகிதத்தின் மேலும் விழுவது ஒரே வெளிச்சம். அதனால் சுருக்கம், அழுக்கு, வியர்வை எதுவும் தப்பாது. நாடகமாக்கும் நிழலும் இல்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. கட்டடத்தின் நிழல் பக்கத்துச் சுவரில் 2.7 மீட்டர் அகலக் காகிதச் சுருளைத் தொங்கவிட்டு, அடியில் கனமான குழாயைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். காற்றில் அலைந்தால் மடிப்பு நிழல் விழும். தலைக்கு மேலே திறந்த வானம் மட்டும் இருந்தால் கண்குழி இருண்டுபோகும். மேலே சற்று நீட்டிய கூரை இருந்தால் வெளிச்சம் முன்பக்கமிருந்து வரும். கேமரா மீட்டரை நம்பினால் ஃப்ரேமில் பெரும்பகுதி வெள்ளை என்பதால் எல்லாவற்றையும் சாம்பலாக்கும்; ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள். கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷர் இன்னும் கூடும். அப்போது காகிதத்தின் வெளுப்பு லென்ஸுக்குள் சிதறி, படம் சாம்பல் பூத்துவிடும். அதற்கு ஆளின் இரண்டு பக்கமும், ஃப்ரேமுக்கு வெளியே, ஆளுயரக் கறுப்புப் பலகை வையுங்கள். சிதறல் குறையும், கன்னத்தின் ஓரங்களில் ஒரு மெல்லிய கருமை வரும். முகம் பின்னணியில் கரையாமல் நிற்பது அந்தக் கருமையால்தான். நிழலின் வெளிச்சம் நீலமாக இருக்கும். கறுப்பு வெள்ளையில் கவலையில்லை.

கேள்வி: சால் லைட்டர் மாதிரி மழைக் கண்ணாடி வழியாக எடுக்கப் பார்க்கிறேன். ஃபோகஸ் எப்போதும் நீர்த்துளியிலேயே நிற்கிறது.

பதில்: கைமுறை ஃபோகஸ்தான் வழி. கண்ணாடிக்கு அப்பால் எங்கே ஆள் வருவார் என்று கணித்து, அந்தத் தூரத்தில் பூட்டிவைத்துக் காத்திருங்கள். 85 முதல் 135 மி.மீ. லென்ஸ், எஃப் 4 சுற்றி. எஃப் 11-க்குப் போனால் துளிகளும் கூர்மையாகி, பின்னால் இருப்பது வெறும் குழப்பமாகிவிடும். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அது பிரதிபலிப்பை எடுத்துவிடும், அப்புறம் படத்தில் என்ன இருக்கிறது? லைட்டர் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்கு ஃபேஷன் படம் எடுத்தவர். 1940-களின் பிற்பகுதியிலிருந்தே அவர் தெருவில் எடுத்த நிறப்படங்கள் பரவலாகப் பேசப்பட்டது 2006-இல் அவை புத்தகமாக வந்த பிறகுதான்.

கேள்வி: உரித்தெடுக்கும் போலராய்டு ஃபிலிம் இன்னும் கிடைக்குமா?

பதில்: போலராய்டு நிறுவனம் 2008-இல் உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. ஃபூஜியின் எஃப்பி-100சி-யும் 2016-இல் நின்றது. இப்போது பழைய கையிருப்பாக விற்பவற்றில் பெட்டிக்குள் இருக்கும் ரசாயனப் பசை காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தால் படத்தின் ஓரங்களில் வெறுமையாக இருக்கும். ஒன்றிரண்டு படத்துக்கு அந்த விபத்து அழகாகலாம். பத்துப் படத் தொடரை அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: பென் செய்த பிளாட்டினம் பிரிண்டை வீட்டு இருட்டறையில் செய்ய முடியுமா? டிஜிட்டல் ஃபைல்தான் என்னிடம் இருக்கிறது.

பதில்: முடியும். நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லார்ஜர்கூட வேண்டாம். பிளாட்டினம் அல்லது பல்லேடியம் உலோகத்தால் படம் பதியும் இது, புறஊதாக் கதிருக்கு மட்டும் வேலை செய்யும் காண்டாக்ட் முறை; நெகட்டிவைக் காகிதத்தின் மேல் நேராக வைக்க வேண்டும். பிரிண்ட் எந்த அளவோ நெகட்டிவும் அந்த அளவு. ஃபைலைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, இங்க்ஜெட்டுக்கான ஒளிபுகும் ஃபிலிமில் அச்சிடுங்கள். திரையில் பார்க்கும் டோன்கள் அப்படியே வராது. 21 படி சாம்பல் பட்டை ஒன்றை முதலில் பிரிண்ட் போட்டு, எந்தப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப ஒரு கர்வ் (டோன்களைத் திருத்தும் வளைகோடு) அமைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பல வாரம் ரசாயனத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தொடங்குபவருக்குப் பல்லேடியம் மட்டும் போதும். தூய பிளாட்டினம் பல காகிதங்களில் மணல் மணலாக வரும். பல்லேடியம் வழுவழுப்பாக, சற்றுப் பழுப்புச் சாயலில் வரும். பருத்தியாலான கனமான காகிதம் வேண்டும். சுண்ணாம்புச் சத்துச் சேர்த்த காகிதம் கூடாது, அது பூச்சின் அமிலத்தோடு மோதி டோனைக் கெடுக்கும். மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வேலை செய்யலாம். ட்யூப் லைட் ஆகாது.

8×10 அங்குலப் பிரிண்ட் ஒன்றுக்கு ஃபெரிக் ஆக்சலேட் (ஒளியை உணரும் இரும்பு உப்பு) கரைசல் 24 சொட்டு, பல்லேடியம் கரைசல் 24 சொட்டு. சின்னக் கிளாஸில் கலந்து, உலோகப் பட்டை இல்லாத மென்மையான பிரஷால் குறுக்கும் நெடுக்குமாக விரைவாகத் தடவுங்கள். பிரஷை முன்பே காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் விலையுயர்ந்த கரைசலில் பாதியை அது குடித்துவிடும். பூச்சு இறங்க இருட்டில் சில நிமிடம் விட்டு, லேசான காற்றில் காயவைக்கவும். மேலே நெகட்டிவ், அதற்கு மேல் கண்ணாடி, பிறகு புறஊதா விளக்கு. நேரம் விளக்கைப் பொறுத்தது. துண்டுக் காகிதத்தில் சோதனைப் பட்டை போட்டுக் கண்டுபிடியுங்கள். வெளியே எடுக்கும்போது மங்கலான நிழல் போலத்தான் படம் தெரியும், பயப்பட வேண்டாம்.

தட்டில் பிரிண்டை வைத்து, பொட்டாசியம் ஆக்சலேட் அல்லது அம்மோனியம் சிட்ரேட் டெவலப்பரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். படம் கண்ணெதிரே உடனே வந்துவிடும். ஊற்றும்போது கை தயங்கினால் தயங்கிய இடத்தில் கோடு விழும், அதை அழிக்க முடியாது. டெவலப்பரைச் சூடாக்கினால் சாயல் இன்னும் பழுப்பாகும். அடுத்து மீதமுள்ள இரும்பை எடுக்க இடிடிஏ கரைசல், மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். கடைசியில் அரை மணி ஓடும் நீர்.

கெட்டுப்போவது எங்கே என்றால்: வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாக இருந்தால் இரும்பு முழுசாக வெளியேறவில்லை, மூன்றாவது தட்டின் கரைசலைப் புதிதாக மாற்றுங்கள். வெள்ளைகள் சாம்பலாகத் தட்டையாக இருந்தால் ஃபெரிக் ஆக்சலேட் பழசாகிவிட்டது. அது நாள்பட்டால் தானே ஃபெரஸாக மாறி, வெளிச்சம் படாத இடத்திலும் உலோகத்தை இறக்கிவிடும். கறுப்புப் பகுதி பொரிபொரியாக இருந்தால் காகிதம் மிகவும் காய்ந்திருக்கிறது. அறையின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். ஈரம் அதிகமானால் நெகட்டிவ் ஒட்டிக்கொண்டு பாழாகும். நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் தாள் வைத்தால் தப்பிக்கலாம். கையுறை கட்டாயம். ஆக்சலேட் நஞ்சு. பிளாட்டினம் உப்புத் தூளைச் சுவாசித்தால் தீராத ஒவ்வாமை வரலாம், ஆகவே கரைசலாகவே வாங்குங்கள்.

பென் ஒரே பிரிண்டுக்குப் பல முறை பூச்சுப் போட்டு, பல முறை எக்ஸ்போஸ் செய்தார். நனைந்த காகிதம் விரிந்து சுருங்கும். இரண்டாவது முறை நெகட்டிவ் பொருந்தாது. அதற்காகவே காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டி வேலை செய்தார். தெருவில் பொறுக்கிய சிகரெட் துண்டுகளை 1972-இல் அவர் எடுத்த படங்கள், 1975-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்த முறையில்தான் தொங்கின. முதல் வருடம் நீங்கள் ஒரு பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: லில்லியன் பாஸ்மன் படங்களில் உடையின் ஓரங்கள் வெள்ளையில் கரைந்துபோகின்றன. ஃபோட்டோஷாப்பில் செய்தால் பொய்யாகத் தெரிகிறது. இருட்டறையில் எப்படி?

பதில்: ஃபேஷன் புகைப்படக்காரரான பாஸ்மன் பிரிண்ட் போடும்போதே சில இடங்களை மறைத்தும் மங்கவைத்தும், பின்னர் ப்ளீச் செய்தும் அப்படிக் கொண்டுவந்தார். ப்ளீச் பகுதியை நீங்களும் செய்யலாம். வழக்கத்தைவிடச் சற்றுக் கருமையாக ஒரு சில்வர் பிரிண்ட் போடுங்கள். ஃபிக்ஸ் செய்து கழுவி, மேல் நீரைத் துடைத்துவிட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடைத் தண்ணீரில் வெளிர்மஞ்சளாக வரும் அளவுக்கு மட்டும் கரைத்துப் பஞ்சால் தடவுங்கள். பத்து விநாடி, உடனே தண்ணீர், பார்த்துவிட்டு மறுபடி. வேண்டிய அளவுக்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும், ஃபிக்ஸரில் போட்டதும் இன்னும் கொஞ்சம் வெளுக்கும். கரைசல் அடர்த்தியாக இருந்தால் தடவிய இடத்தைச் சுற்றி மஞ்சள் விளிம்பு நிற்கும். வலுவான அமிலத்தோடு இது சேர்ந்தால் நச்சு வாயு வரும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கும் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது. லேப் மாற்றியும் அப்படித்தான்.

பதில்: லேப் மேல் பழி போட வேண்டாம், உங்கள் திரை கூடுதல் பிரகாசம். கடையிலிருந்து வந்த நிலையில் பல திரைகள் காகிதத்தைவிட மிகவும் ஒளிரும். அளவீட்டுக் கருவி வைத்து சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கேண்டெலாவுக்குக் குறைத்துவிட்டு, எதையும் திருத்தும் முன் அரை மணி கண்ணைப் பழக விடுங்கள். லேப் தரும் காகித ஐசிசி ப்ரொஃபைலில் (அந்தக் காகிதத்தின் நிற விவரக் கோப்பு) சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பிரிண்டின் திரை முன்னோட்டம், பார்த்தபின் அனுப்புங்கள். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் கறுப்பு ஒருபோதும் பளபளப்புக் காகிதம் அளவுக்கு ஆழமாக வராது. இருண்ட படங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் காரணம்.

அளவைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: 24 மெகாபிக்சல் படம் 6000×4000 பிக்சல். 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 20 அங்குலம் வரும். 90 செ.மீ. அகலத்துக்கு நீட்டினால் சுமார் 170 பிபிஐ. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அது போதும்.

கேள்வி: நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டேன். எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை பிரதி விற்கலாம்?

பதில்: எல்லாவற்றையும் 10×15 செ.மீ. அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் தனியாக நல்லதாகத் தெரியும். ஒரே போஸ் நான்கு முறை வந்திருப்பது தரையில்தான் தெரியும். முதலில் நீக்க வேண்டியவை, பத்திரிகை அட்டைக்குப் போகக்கூடிய படங்கள். அவை மோசமாக இருப்பதால் அல்ல. பக்கத்தில் இருப்பவற்றை விளம்பரம் போலக் காட்டிவிடும். மாடலின் அழகுக்காகவோ, எடுக்கப் பட்ட பாட்டுக்காகவோ வைத்திருப்பவை அடுத்து. 20 மிஞ்சினால் நல்ல தொடர். எடுத்த வரிசை வேண்டாம். வெளிச்சத்தின் திசை, உருவத்தின் அளவு, வெறுமை, இவற்றைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மேக்கப் கலைஞர், ஸ்டைலிஸ்ட் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.

பிரதி எண்ணிக்கையை முதல் பிரிண்ட் விற்கும் முன் முடிவு செய்ய வேண்டும். 7 என்றால் 7, அதோடு உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் கலைஞர் பிரதி 2. அளவு வாரியாகத் தனி எண்ணிக்கை வைப்பதானால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; விற்றபின் "இது வேறு அளவு" என்று எட்டாவதைக் கொண்டுவந்தால் வாங்கியவர் அதை ஏமாற்று என்றுதான் நினைப்பார். 3/7 என்ற எண், கையெழுத்து, பிரிண்ட் போட்ட வருடம், காகிதத்தின் பெயர் நான்கையும் பிரிண்டின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும், மார்க்கர் நாளடைவில் ஊறி மறுபக்கம் வரும். பூச்சுப் போட்ட காகிதத்தின் பின்புறத்தில் பென்சில் பிடிக்காவிட்டால், நிறமி மை உள்ள காப்பகப் பேனா. யாருக்கு எந்த எண் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஃபைல் எண்ணோடு.